கடல் தெரியும் வீட்டுக்காரி

"யாருக்கா அது?" என்று, எங்கள் வீட்டில் வாடகைக்குத் தங்க வந்திருந்த பல் டாக்டர் கேட்டபோது நான் சமையலறை மேடையில் கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலோரம் நின்று பின்முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பூந்தொட்டிகளுக்கு நடுவில், இடது கையால் சுவரைப் பிடித்தபடி, என் கணவர் நின்றிருந்தார். முழங்கால் வரை சுருட்டிவிட்ட கால்சட்டை, கழுத்து நைந்த பனியன், நாலு நாள் தாடி.

"தோட்டக்காரர்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பேனா என்பதும் தெரியவில்லை. ஈரக் கோப்பை கைநழுவுகிற மாதிரி அந்தச் சொல் வாயிலிருந்து நழுவியது. ஜன்னல் திறந்திருந்தது. அவர் நின்ற இடத்துக்கும் எனக்கும் பத்தடிகூட இருக்காது.

"தொட்டியெல்லாம் அழகா வச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு அவள் தேநீரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டாள். அங்கே அவள் கணவர் எங்கள் சாய்வு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் அதே கோப்பையை மறுபடி துடைத்தேன். தலையைத் தூக்கிப் பார்க்கத் தைரியம் வந்தபோது முற்றத்தில் யாரும் இல்லை. பின்கட்டு அறையின் கதவு சாத்தியிருந்தது.

எங்கள் வீடு மலைச்சரிவில், படிக்கட்டுத் தெருவின் நடுவில் இருக்கிறது. முன்பக்கம் திறந்தால் துறைமுகம், அதற்கப்பால் விரிகுடா, காலையில் வெள்ளியாகவும் சாயங்காலத்தில் செம்பாகவும் தெரியும் தண்ணீர். இந்த ஊரைப் பார்த்தவர்கள் யாரும் சும்மா திரும்பிப் போவதில்லை. ஒரு பெருமூச்சையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். "குடுத்து வச்சவங்க நீங்க" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! உப்புக் காற்று குழாய்களையும் கதவின் கீல்களையும் தின்றுகொண்டே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு நூற்றுப்பத்துப் படி ஏறினால் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்துவிடும். ஆனாலும் அழகான ஊர்தான். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதுவரை துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்துவந்து கரையில் சேர்க்கிற வேலை. வலது கையும் வலது காலும் பாதி போயின. பேச்சு, வாயில் எதையோ ஒதுக்கிக்கொண்டு பேசுவதுபோல் குழறலாகிவிட்டது. மருத்துவச் செலவுக்கு என்ன வழி என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, வெளியூரில் இருக்கும் மகள்தான் யோசனை சொன்னாள். "அம்மா, சீசனுக்கு வீட்ட வாடகைக்கு விடலாம். நீங்க ரெண்டு பேரும் பின்னாடி ரூம்ல இருந்துக்கங்க." இணையத்தில் போடுவதற்கான விளம்பரத்தை நானே எழுதினேன். 'அலைச் சத்தத்தில் கண்விழியுங்கள்' என்று ஆரம்பிக்கும். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடம் சுற்றறிக்கை எழுதிய கை, சும்மா இருக்குமா? அன்றிலிருந்து, கடல் தெரியும் வீட்டின் சொந்தக்காரர்களான நாங்கள் வருடத்தில் ஐந்து மாதம் கடலைப் பார்ப்பதில்லை. பின்கட்டு அறையின் ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அதில் ஒரு தண்ணீர்க் குழாய், குழாயடியில் பாசி.

பல் டாக்டர் வருவதற்கு ஒரு மாதம் முன்பு தங்கிப்போனவர்கள் அந்த விளம்பரத்தின் கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: 'காட்சி அபாரம். வீடு சுத்தம். ஆனால் பின்னால் ஒரு நோயாளி நடமாடுகிறார். விடுமுறை மனநிலைக்குச் சற்று உறுத்தல்.' அதை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. "விருந்தாளிங்க முழிச்சிருக்கற நேரத்துல கொஞ்சம் உள்ளயே இருங்களேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். சரி என்று தலையாட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தாலே எனக்குக் காது சுடுகிறது.

அந்த விமர்சனத்துக்குப் பயந்துதான் தோட்டக்காரர் என்று சொன்னேன் என்று எனக்கே நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். வந்திறங்கிய அன்றே பல் டாக்டர் கூடத்தில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். சீருடையில், படகின் மேல்தளத்தில், இடுப்பில் கைவைத்துச் சிரிக்கிற மனிதர். "உங்க வீட்டுக்காரர் கப்பல்லயாக்கா?" என்றாள். "ஆமா" என்றேன். "இப்பவும் கடல்லதான் இருக்காரா?" அதற்கும் ஆமா என்றேன். இரண்டே இரண்டு ஆமா. கடல் தெரியும் வீடு, கடலில் கணவன், தனியாக எல்லாவற்றையும் நிர்வகிக்கும் மனைவி. அவள் என்னைப் பார்த்த பார்வையில் பொறாமையும் மரியாதையும் கலந்திருந்தன. இரண்டு வருடமாக என்னைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது "அவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றுதான். கடைக்காரர், பேருந்து நடத்துநர், என் சொந்தத் தங்கை என்று எல்லோருக்கும் அதே கேள்வி. அதைக் கேட்காமல் என்னை மட்டும் பார்த்த முதல் ஆள் அவள். எனக்கு அது வேண்டியிருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் மாதிரி வேண்டியிருந்தது.

தோட்டக்காரர் என்று சொன்ன அன்று சாயங்காலம் தட்டில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் தட்டை வைத்தேன். என்னென்னவோ சொல்ல நினைத்து, "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

"சம்பளம்... பேசவே இல்லயே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவருக்கு ஒரு பக்க முகம்தான் சிரிக்கும். மறுபக்கம் என்ன நினைக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிரித்தாரா, கோணினாரா என்று அந்த மங்கல் விளக்கில் எனக்கும் தெரியவில்லை. "சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் காலை தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இடது கையில் ரப்பர் குழாயைப் பிடித்துத் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வலது காலை இழுத்து இழுத்து ஒவ்வொரு தொட்டியாக நகர்ந்தார். பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ஆறு மாதம் மன்றாடியும் சுவரை விட்டு நாலடிகூட எடுத்து வைக்காதவர். நான் கீழே இறங்கிப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, "என்ன பண்றீங்க? உள்ள போங்க" என்றேன்.

"வேல" என்றார்.

"என்னத் தண்டிக்கறீங்களா?"

அவர் அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார். மாடி ஜன்னலிலிருந்து பல் டாக்டர் "காலை வணக்கம் அண்ணே!" என்று கத்தினாள். அவர் குழாயை உயர்த்திக் காட்டினார். தண்ணீர் என் மேல் தெறித்தது.

அதற்குப் பிறகு நான்கு நாட்கள். பல் டாக்டருக்கு இந்த ஊர் பைத்தியமாகப் பிடித்துவிட்டது. புழுதியும் புகையுமாக இருக்கிற அவளுடைய ஊரை விட்டு இங்கே வந்து ஒரு சின்ன மருத்துவமனை வைத்து உட்கார்ந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே பாத்துப் பாத்துக் கண்ணு சுருங்கிப்போச்சுக்கா. தலைய நிமித்துனா கடல் தெரியணும். அது போதும் எனக்கு" என்பாள். விற்பனைக்கு இருக்கும் வீடுகளைப் பார்க்க என்னைத் துணைக்கு அழைத்தாள். நான் நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். கடற்கரைச் சாலையில் அவளோடு கைகோத்து நடந்தேன். எந்தத் தெருவில் காற்று நன்றாக வரும், எந்த மாதம் தண்ணீர் பச்சையாக மாறும், எந்தத் திருப்பத்தில் நின்றால் கலங்கரை விளக்கமும் தீவும் ஒரே கோட்டில் தெரியும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாம் உண்மைதான். எல்லாவற்றையும் எனக்குக் காட்டித் தந்தது அவர்தான். கல்யாணமான புதிதில் படகில் ஏற்றிக்கொண்டு போய், கடலிலிருந்து ஊரைப் பார்க்கவைத்துச் சொன்னவை. நான் அவற்றை என் சரக்காக விற்றுக்கொண்டிருந்தேன்.

"உங்கள மாதிரி வாழணும்கா" என்றாள் ஒரு நாள், ஐஸ்கிரீம் கடை வாசலில் நின்று. நான் என்ன செய்தேன்? முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன்.

மூன்றாம் நாள் அவள் தன் கணவரின் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டக்காரரிடம் கொடுத்தாள். நீலக் கோடு போட்ட, நல்ல பருத்திச் சட்டை. "அவருக்கு வயிறு முட்டுது, பட்டன் போட முடியல. உங்களுக்குச் சரியா இருக்கும் அண்ணே, தப்பா நெனைக்காதீங்க." அவர் இடது கையால் வாங்கி மார்போடு வைத்து அளவு பார்த்தார். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பட்டன்களைத் தானாகவே போட்டிருந்தார். ஒன்று மாறிப் போயிருந்தது. இரண்டு வருடமாகப் பட்டன் போட்டுவிடுவது நான்தான்.

அன்றைக்குத்தான் அவள் அவரை உள்ளே கூப்பிட்டாள். "வெயில் ஏறிடுச்சு அண்ணே, வந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க. அக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லயே?" நான் இல்லை என்றேன். அவர் வாசற்படியில் காலைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குள் தயங்கித் தயங்கி வந்தார். சாப்பாட்டு மேஜையில் தன்னுடைய நாற்காலியைத் தவிர்த்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கை கொஞ்சம் வராதோ?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது.

"வராது."

"அதனால என்ன, வேலை சுத்தமா இருக்கே! வீடு எங்க?"

"இங்கதான். பக்கத்துல."

"வீட்டுல யார் இருக்காங்க?"

பால் பொங்கி வந்தது. எனக்கு அதை அணைக்கத் தோன்றவில்லை.

"பொண்டாட்டி" என்றார். ஒவ்வொரு சொல்லாகக் கோத்து எடுத்தார். "பெரிய வீட்டுல... வேல பாக்கறா. நல்லா பேசுவா."

"உங்ககூடச் சண்ட போடுவாங்களா?"

"எங்க... அவளுக்கு நேரமே இல்ல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பால் அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை வீடெங்கும் பரவியது. "அக்கா, பால்!" என்று அவள் எழுந்து ஓடி வந்தாள். நான் மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவருக்குத் தேநீரை எடுத்துக்கொண்டு போய் வைத்தது அவள்தான். என்னால் அந்த மேஜை வரை நடக்க முடியவில்லை.

கடைசி நாள் காலை பெட்டிகளை எல்லாம் கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடற்கரைச் சாலைக்கு மேலே பார்த்த இரண்டாவது வீட்டை விலை பேசி முடித்துவிட்டார்களாம். ஆறு மாதத்தில் குடிவந்துவிடுவார்களாம். "அப்பறம் ஒரு விஷயம்கா. அந்த வீட்டுல கொஞ்சம் செடி வைக்க எடம் இருக்கு. அண்ணன் வாரத்துக்கு ரெண்டு நாள் வருவாரான்னு கேட்டேன். 'அம்மாவக் கேளுங்க'ன்னுட்டாரு. நீங்க அனுப்புவீங்களா?"

அம்மாவைக் கேளுங்கள். அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

"அவர் என் வீட்டுக்காரர்" என்றேன்.

"யாரு?"

"முற்றத்துல இருக்கறவரு. என் வீட்டுக்காரர். பக்கவாதம் வந்துடுச்சு. கப்பல்ல எல்லாம் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

அவள் முதலில் சிரிக்கப் பார்த்தாள், நான் விளையாடுகிறேன் என்று. பிறகு கூடத்துப் படத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அங்கே அவர் நீலக் கோட்டுச் சட்டையோடு, காய்ந்த இலைகளை ஒரு கையால் கிள்ளிக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. என் கையை விட்டாள். "ஐயோ, அந்தச் சட்டைய..." என்றாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் என் பக்கமே பார்க்காமல் பின்வாசலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"சார்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"மன்னிச்சுடுங்க சார். எனக்குத் தெரியாது. முதல்ல உக்காருங்க, நிக்காதீங்க" என்று அவரைப் பிடித்துத் திட்டின்மேல் உட்காரவைத்தாள். கையிலிருந்த இலைகளை வாங்கி ஓரமாகப் போட்டாள். அவருடைய வலது கையைத் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். எப்போது வந்தது, இரத்த அழுத்தம் எவ்வளவு, என்ன மாத்திரை என்று என்னிடம் கேட்டாள். அவரிடம் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் நீட்டி, சத்தமாக, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் பேசினாள். "பயிற்சி எல்லாம்... ஒழுங்கா... பண்றீங்களா சார்?" நேற்றுவரை அண்ணே அண்ணே என்று வாயாடியவள். அவர் தலையைக் குனிந்தபடி, கையை அவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையில் பார்த்தேனே, அதே உட்காரல்.

அவர்கள் போய்விட்டார்கள். அவள் கணவர் என்னைப் பார்க்காமலேயே கும்பிட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். அவள் படியிறங்கும்போது ஒருமுறை திரும்பினாள். கை அசைக்கவில்லை. செடி வைக்க ஆள் வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

நான் முற்றத்துக்குப் போனபோது அவர் அதே திட்டில் இருந்தார்.

"சொல்லிட்டேன்" என்றேன். எனக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அதைச் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிட்ட நல்லவள் முகத்தோடு அவர் முன்னால் போய் நின்றிருக்கிறேன். "தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடுங்க."

"எதுக்குச் சொன்ன?"

"பின்ன? அவங்க வீட்டுக்கு வேலைக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

"போயிருப்பேன்" என்றார். குரல் குழறியது, கோபத்தில் இன்னும் அதிகமாக. "ரெண்டு நாள்... போயிருப்பேன். அந்தப் பொண்ணு அண்ணேன்னு கூப்டுச்சு. வேல சுத்தம்னு சொல்லுச்சு." மூச்சு வாங்கினார். எச்சில் வழிந்தது. துடைக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார். "இப்ப பாத்தியா? கைய எடுத்து... பாக்கறா. நோயாளி. உனக்கு மனசு ஆறிச்சா?"

அந்த ஐந்து நாளும் அவர் என்னைத் தண்டிக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் விடிகாலையில் எழுந்ததும், படியிறங்கியதும், பட்டன் போட்டதும் எல்லாம் என்னைக் குத்துவதற்காகத்தான் என்று. அவருக்கென்று அதில் ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு முறை மறைத்தேன். ஒரு முறை காட்டிக்கொடுத்தேன். இரண்டு முறையும் அவரைக் கேட்கவில்லை.

அடுத்த விருந்தாளிகள் சாயங்காலம் வருவதாக இருந்தது. இடையில் நாலைந்து மணி நேரம் வீடு எங்களுடையது. நான் படுக்கை விரிப்புகளை மாற்றினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தைக் கடந்து, முன்கதவைத் திறந்து, தெருவுக்கு இறங்கும் படியில் போய் உட்கார்ந்தார். சீசன் தொடங்கிய பிறகு அந்தப் படியில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. சட்டையை அவர் மாற்றவில்லை. கீழே துறைமுகத்துக்குள் ஒரு பெரிய சரக்குக் கப்பல் வந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் ஓர் இழுவைப் படகு, தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தாரா, தெருவைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

ஓர் இளம் ஜோடி மூச்சிரைக்கப் படியேறி வந்து எங்கள் வீட்டெதிரில் நின்றது. "எவ்ளோ அழகா இருக்கு பாரேன் இந்த வீடு" என்றாள் அந்தப் பெண். அவன் அவரிடம் குனிந்து, "ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா?" என்று போனை நீட்டினான். நான் மாடி ஜன்னலில் தலையணையும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போய், நான் எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

அவர் இடது கையால் போனை வாங்கிக்கொண்டார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, மெல்ல எழுந்து நின்றார். அவர்கள் இருவரும் என் ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு ஒட்டி நின்று தோளில் கைபோட்டுக்கொண்டார்கள். அவர் போனை உயர்த்தினார். திரையைப் பார்த்தார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுத்து, நிமிர்ந்து, நேராக என்னைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த வலது கை இடுப்புவரை உயர்ந்தது. மணிக்கட்டு நடுங்க, பாதி மடங்கிய விரல்களைக் காற்றில் ஒருமுறை அசைத்தார்.

படத்தில் விழாமல் விலகிப் போ என்கிறாரா, வெளியே வா என்கிறாரா? அந்தக் கைக்கு இரண்டுக்கும் ஒரே அசைவுதான். கீழே நின்ற இருவரும், யாருக்குக் கை காட்டுகிறார் என்று தலையைத் திருப்பி மேலே பார்த்தார்கள். அவர் போனை இறக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.